எந்தச் சர்வர் எதோடு பேசுகிறது: அப்ளிகேஷன் சர்வர்களைத் தானாகக் கண்டுபிடித்து வரைபடமாக்கும் முழு வழிகாட்டி

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. ஜாவா மென்பொருள்கள் பதிவெழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை, அதாவது சிவிஇ-2021-44228, உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்ட நாள். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் சர்வர்களைப் பராமரித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் இரவோடு இரவாகக் கூட்டம் போட்டது. கேள்வி ஒன்றுதான்: "நம்மகிட்ட ஜாவா ஓடுற சர்வர் மொத்தம் எத்தனை?" ஆறு பேர் ஆறு எக்செல் கோப்பைத் திறந்தோம். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. அடுத்த சில நாட்கள் ஒவ்வொரு மெஷினாகக் கையால் லாகின் செய்து பார்த்தோம். யாருடைய கோப்பிலும் இல்லாத டாம்கேட் (ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் மென்பொருள், அதாவது ஓர் அப்ளிகேஷன் சர்வர்) ஒன்று, வேறொரு மென்பொருளின் வயிற்றுக்குள் ஒளிந்தபடி, மூன்றாம் நாள்தான் அகப்பட்டது.

அந்த வேலையைத் தானாக நடக்கும்படி செய்ய நான் கற்றுக்கொண்ட முறை இது. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து இங்கே மிடில்வேர், இன்ஃப்ரா டீம்களில் சேரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லித்தரும் வரிசையிலேயே எழுதுகிறேன். எந்தக் கருவி வாங்கலாம் என்பதில் பலரும் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். சர்வீஸ்நவ், பிஎம்சி டிஸ்கவரி, டிவைஸ்42, இலவசமான என்மேப் என எதை எடுத்தாலும் உள்ளே நடப்பது கீழே உள்ளதுதான். முறை புரிந்துவிட்டால், கருவி எங்கே பொய் சொல்கிறது என்பதும் புரியும்.

படி 1: எழுத்தில் அனுமதி

அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டரை அணுகுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 ஆகிய பிரிவுகளுக்குள் வரும். "மேனேஜர் வாயால சொன்னார்" என்பது போதாது. எந்த சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு முகவரிப் பகுதி), எந்த நேரம், எந்த முகவரியிலிருந்து ஸ்கேன் (முகவரிகளை வரிசையாகத் தட்டிப்பார்க்கும் சோதனை) கிளம்பும், பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நான்கும் சேஞ்ச் ரிக்வெஸ்ட்டில், அதாவது மாற்றத்துக்கு அனுமதி கேட்கும் படிவத்தில், இருக்கட்டும். ஸ்கேன் கிளம்பும் முகவரியை செக்யூரிட்டி டீமுக்கு முன்கூட்டியே கொடுங்கள். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். உங்கள் ஸ்கேனைத் தாக்குதல் என்று நினைத்து அவர்கள் நள்ளிரவில் அந்தக் கடிகாரத்தை ஓடவிட்டால் எல்லாருக்கும் சிரமம்.

தொடவே கூடாத முகவரிகளின் பட்டியல் ஒன்றும் வேண்டும். யுபிஎஸ் கார்டுகள், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், பழைய ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்கள் எல்லாம் அதில் சேரும். நெட்வொர்க் பிரிண்டர்கள் 9100 போர்ட்டில் (போர்ட் என்பது மெஷினில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) வருவதை எல்லாம் அச்சடித்துவிடும். அதனால்தான் பதிப்பு அறியும் சோதனையில் 9100 முதல் 9107 வரையான போர்ட்களை என்மேப் தானாகவே தவிர்க்கிறது. உங்கள் சொந்த ஸ்கிரிப்ட்டுக்கு அந்தப் பக்குவத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

படி 2: ஸ்கேனுக்கு முன் கேட்டு வாங்குவது

பாதி விடை ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்டிருக்கும். பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் பதிவுகள், விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் விசென்டரில் உள்ள மெஷின் பட்டியல், வரும் அழைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சரின் பூல் விவரம், ஃபயர்வால் விதிகள், கோர் சுவிட்சின் ஏஆர்பி அட்டவணை (எந்த ஐபி எந்த நெட்வொர்க் கார்டுடையது என்ற பட்டியல்) எல்லாவற்றையும் வாங்குங்கள். ஏஆர்பி அட்டவணை எனக்கு மிகவும் பிடித்தது. 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங்குக்குப் பதில் சொல்லாத மெஷின்கூட, பேசினால் அங்கே தடம் விட்டுப்போகும். நெட்வொர்க் கருவிகளிடம் விவரம் கேட்கும் முறையான எஸ்என்எம்பியின் 3-ஆம் பதிப்பில், படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு கணக்கு இருந்தால் இதை ஸ்கிரிப்ட்டே எடுத்துவரும்.

இந்தப் பட்டியல்களைத் திருத்தாமல் அப்படியே ஒரு அட்டவணையில் கொட்டி, எந்த வரி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

படி 3: எந்த முகவரிகள் உயிரோடு இருக்கின்றன

ஒரு /24 சப்நெட்டில் 254 முகவரிகள். சில நிமிட வேலை. /16 என்றால் 65,534. அதைக் குருட்டுத்தனமாகத் தேடாமல், ரவுட்டிங் அட்டவணையைப் பார்த்து உண்மையில் பயன்பாட்டில் உள்ள சப்நெட்களை மட்டும் எடுங்கள். வெறும் பிங்கை நம்ப வேண்டாம், விண்டோஸ் ஃபயர்வால் அதைத் தின்றுவிடும். 22, 135, 443, 445, 3389, 7001, 8080 ஆகிய போர்ட்களுக்கும் சேர்த்துத் தட்டிப்பாருங்கள். பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றாவது பதில் சொல்லும்.

ஸ்கேன் செய்யும் மெஷினை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு டேட்டா சென்டரை ஃபயர்வால் வழியாக ஸ்கேன் செய்தால், ஒவ்வொரு தட்டலும் ஃபயர்வாலின் செஷன் அட்டவணையில் ஓர் இடத்தைப் பிடிக்கும். அட்டவணை நிரம்பினால் உண்மையான பயனர்கள் வெளியே நிற்பார்கள். ஒவ்வொரு பாதுகாப்பு மண்டலத்துக்குள்ளும் ஒரு சிறு விர்ச்சுவல் மெஷினை வைத்து, அங்கிருந்து ஸ்கேன் செய்து, முடிவை மட்டும் மையத்துக்கு அனுப்புவதே சரி. வேகத்தையும் நொடிக்குச் சில நூறு பாக்கெட் என்று கட்டிவையுங்கள்.

படி 4: போர்ட் சொல்லும் சேதி

அப்ளிகேஷன் சர்வர்கள் பிறக்கும்போதே சில எண்களோடு பிறக்கின்றன. வெப்லாஜிக் 7001, அதன் எஸ்எஸ்எல் 7002, நோட் மேனேஜர் 5556. வெப்ஸ்பியரின் நிர்வாகத் திரை 9060, 9043. அப்ளிகேஷன் வழி 9080, 9443. சோப் கனெக்டர் 8880. வைல்டுஃப்ளை, ஜேபாஸ் என்றால் 8080-உம் நிர்வாகத்துக்கு 9990-உம். டாம்கேட்டுக்கு 8080, முன்னாலுள்ள வெப் சர்வரோடு பேசும் ஏஜேபி 8009, நிறுத்துவதற்கான 8005. கிளாஸ்ஃபிஷ் நிர்வாகம் 4848. எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் இன்ஸ்டன்ஸ் (ஓடும் ஒவ்வொரு பிரதி) எண் போர்ட்டுக்குள்ளேயே இருக்கும்: இன்ஸ்டன்ஸ் 00 என்றால் டிஸ்பாட்சர் 3200, கேட்வே 3300, ஸ்டார்ட் சர்வீஸ் 50013. 05 என்றால் 3205, 3305, 50513.

இதை மனப்பாடம் செய்துவிட்டு இத்தோடு நின்றுவிடுபவர்கள் அதிகம். நிற்கக்கூடாது. ஒரே மெஷினில் இரண்டாவது வைல்டுஃப்ளையை 100 ஆஃப்செட்டோடு, அதாவது போர்ட் எண்களில் 100 கூட்டி, கிளப்பினால் அது 8180-க்கும் 10090-க்கும் போய்விடும். 8080-இல் டாம்கேட் இருக்கலாம், ஜென்கின்ஸ் இருக்கலாம், ஏதோ ஒரு பிராக்ஸியும் இருக்கலாம்.

அதனால் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்ததும் அதனிடம் பேசிப் பாருங்கள். வெப்லாஜிக்கிடம் அதன் சொந்த மொழியான டி3 புரோட்டோகாலில் வணக்கம் சொன்னால் பதிலில் தன் பதிப்பையே சொல்லும். இதற்கு என்மேப்பில் ஆயத்த ஸ்கிரிப்ட் உண்டு. மறையாக்க இணைப்பில் சர்வர் காட்டும் அடையாள அட்டையான டிஎல்எஸ் சான்றிதழைக் கட்டாயம் எடுங்கள். அதில் எழுதியிருக்கும் மாற்றுப் பெயர்கள், அந்த மெஷின் எந்த அப்ளிகேஷனுக்கு உழைக்கிறது என்பதைப் பல நேரம் நேராகவே காட்டிக்கொடுக்கும். 8009 திறந்திருந்தால் அன்றைக்கே செக்யூரிட்டி டீமிடம் சொல்லுங்கள். 2020-இல் வெளிவந்த கோஸ்ட்கேட் ஓட்டை அந்த வழிதான், டாம்கேட் 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளில்தான் அது அடைக்கப்பட்டது.

படி 5: உள்ளே போய் ப்ராசஸைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் ஒழுங்காகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். வெளியிலிருந்து பார்ப்பது கதவைத் தட்டுவது போல. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது உள்ளே போனால்தான் தெரியும். தன் மெஷினுக்குள் மட்டும் பேச உதவும் 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் சர்வர் வெளி ஸ்கேனுக்கு ஒருநாளும் சிக்காது.

உள்ளே நுழைய லினக்ஸுக்கு எஸ்எஸ்எச், விண்டோஸுக்கு வின்ஆர்எம் (போர்ட் 5985, 5986). இதற்கென்று தனிக் கணக்கு. ரூட் பாஸ்வேர்டு கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பட்டியல், சாக்கெட் (திறந்துள்ள இணைப்பு) பட்டியல், குறிப்பிட்ட சில கான்ஃபிக் கோப்புகளை வாசிப்பது ஆகிய மூன்றுக்கு மட்டும் சூடோ, அதாவது அந்தக் கட்டளைகளுக்கு மட்டுமான நிர்வாகி உரிமை, போதும். சூடோ இல்லாமல் சாக்கெட் பட்டியல் எடுத்தால் போர்ட் தெரியும், அதை வைத்திருக்கும் ப்ராசஸ் யாருடையது என்பது தெரியாது. பாதி வரைபடம் அங்கேயே போய்விடும்.

ஜாவா ப்ராசஸின் கட்டளை வரி ஒரு ஜாதகம் மாதிரி. வெப்லாஜிக் என்றால் அதில் சர்வரின் பெயர் தனியாக ஒரு பண்பாக நிற்கும். வெப்ஸ்பியரில் வரியின் கடைசி மூன்று சொற்கள் முறையே செல், நோட், சர்வர் பெயர். டாம்கேட்டில் 'கேட்டலினா பேஸ்' எந்த அடைவைக் காட்டுகிறதோ அதுதான் அந்த இன்ஸ்டன்ஸின் அடையாளம். ஒரே நிறுவலிலிருந்து ஐந்து டாம்கேட் ஓடினால் 'ஹோம்' ஒன்றாக இருக்கும், 'பேஸ்' ஐந்தாக இருக்கும். ஹோமை வைத்து எண்ணி ஐந்தை ஒன்றாக்கிய தவறை நானே செய்திருக்கிறேன்.

இங்கே சில குழிகள் உண்டு. பழைய லினக்ஸ் கர்னல்களில் கட்டளை வரி 4096 பைட்டோடு வெட்டுப்படும். வெப்லாஜிக்கின் வகுப்புப் பாதை நீளமாக இருந்தால் சர்வர் பெயர் அந்த வெட்டுக்கு அப்பால் போய்விடும். அப்போது ப்ராசஸின் சூழல் மாறிகளையோ வேலை அடைவையோ பாருங்கள். விண்டோஸில் 80, 443 போர்ட்களின் ப்ராசஸ் எண் 4, பெயர் 'சிஸ்டம்' என்று வரும். விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் கர்னல் வழியாகக் கேட்பதால் அப்படி. எந்தத் தளம் எந்த அப்ளிகேஷன் பூலில் ஓடுகிறது என்பதை ஐஐஎஸ் கான்ஃபிக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். கன்டெய்னர்களுக்கு (தனித்தனியே அடைத்து ஓட்டும் அப்ளிகேஷன்கள்) நெட்வொர்க் வெளி தனி. ஹோஸ்ட்டில் எடுத்த சாக்கெட் பட்டியலில் அவற்றின் இணைப்புகள் இருக்காது. ஒவ்வொரு கன்டெய்னரின் வெளிக்குள்ளும் நுழைந்து எடுக்க வேண்டும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்றால் ஐபியை மறந்துவிடுங்கள். கன்டெய்னர்கள் ஓடும் கூடான பாட் இன்று இருக்கும், நாளை இருக்காது. லேபிளையும் சர்வீஸ் பெயரையும்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படி 6: கான்ஃபிக் கோப்புகள்

வெப்லாஜிக் டொமைனில் கான்ஃபிக் எக்ஸ்எம்எல்லும் அதன் கீழுள்ள ஜேடிபிசி அடைவும், வெப்ஸ்பியரில் ரிசோர்சஸ் எக்ஸ்எம்எல், ஜேபாஸில் ஸ்டாண்டலோன் எக்ஸ்எம்எல், டாம்கேட்டில் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல். இவற்றிலிருந்து டேட்டா சோர்ஸின், அதாவது அப்ளிகேஷன் போய்ச்சேரும் டேட்டாபேஸின், முகவரியை மட்டும் எடுங்கள். பாஸ்வேர்டு வரி, மறையாக்கம் செய்ததாக இருந்தாலும், உங்கள் சேமிப்புக்குள் வரவே கூடாது. வாசிக்கும் ஸ்கிரிப்ட்டிலேயே அதை வடிகட்டிவிடுங்கள்.

கோப்பில் கிடைக்கும் பெயரை உங்கள் மெஷினில் உட்கார்ந்து ஐபியாக மாற்றாதீர்கள். 'டிபிப்ராட்' என்று கோப்பில் இருக்கும். அந்தச் சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அது ஓர் ஐபி, பக்கத்துச் சர்வரில் வேறு ஐபி. அந்தந்த மெஷினிலேயே மாற்றிப்பார்த்து, விடையை எடுத்துவாருங்கள்.

படி 7: கோடுகள்

பெட்டிகள் கிடைத்துவிட்டன. ஆனால் வரைபடத்தின் உயிர் கோடுகளில் இருக்கிறது. யார் யாரை அழைக்கிறார்கள்?

ஒவ்வொரு மெஷினிலும் நிலைபெற்ற இணைப்புகளை எடுங்கள். திசையைக் கண்டுபிடிக்க எளிய வழி: உள்ளூர் போர்ட் அந்த மெஷினின் கேட்கும் போர்ட் பட்டியலில் இருந்தால் அது வரும் இணைப்பு, இல்லையென்றால் போகும் இணைப்பு. லினக்ஸ் வழக்கமாக 32768 முதல் 60999 வரையும், விண்டோஸ் 49152 முதல் 65535 வரையும் தற்காலிக போர்ட்களை எடுக்கும் என்பதும் துணைக்கு உதவும்.

டேட்டாபேஸ் இணைப்புகள் பூலில் திறந்தே கிடப்பதால் ஒரு முறை பார்த்தாலே 1521 (ஆரக்கிள்), 1433 (எஸ்க்யூஎல் சர்வர்), 50000 (டிபி2), 5432 (போஸ்ட்கிரெஸ்) எல்லாம் வரிசையாக நிற்கும். ஒரு நொடியில் முடிந்துவிடும் எச்டிடிபி அழைப்புகள்தான் நழுவும். இதற்கு லினக்ஸே ஒரு உதவி செய்கிறது. மூடப்பட்ட இணைப்பு, முதலில் மூடிய பக்கத்தில், 60 நொடிகள் 'டைம் வெயிட்' நிலையில் தங்கும். 60 நொடிக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் இரு பக்கமும் மாதிரி எடுத்தால், கண்ணிமைக்கும் நேர அழைப்புகளும் பெரும்பாலும் வலையில் விழும். அந்த நிலையில் ப்ராசஸ் பெயர் வராது என்பதால் எதிர்ப்பக்கத்தின் போர்ட்டை வைத்துப் பொருத்த வேண்டும். ரவுட்டர்கள் தரும் இணைப்புப் பதிவான நெட்ஃப்ளோ இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஆயிரத்துக்கு ஒரு பாக்கெட் என்று மாதிரி எடுக்கும்படி வைத்திருந்தால் சிறு உரையாடல்கள் அதிலும் தப்பும்.

எத்தனை நாள் எடுப்பது? ஒரு மாதக் கடைசியாவது உள்ளே வர வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. மூன்று வாரம் எந்த இணைப்பும் காட்டாத ஒரு பழைய சர்வரை 'பயனற்றது' என்று குறித்து, அணைக்கும் பட்டியலில் சேர்த்திருந்தேன். அல்சூரில் பிறந்து வளர்ந்த, ஓய்வுபெறும் வயதிலிருந்த ஆபரேஷன்ஸ் அண்ணன் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, இதை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. மாசத்துல ஒரே ஒரு ராத்திரி முழிச்சுக்கும். அப்போதான் சம்பள ஃபைல் பேங்க்குக்குப் போகும்." அன்றிலிருந்து நேர அட்டவணை வேலைகளையும், அதாவது கிரான் பட்டியலையும் விண்டோஸ் டாஸ்க் பட்டியலையும், தனியே திரட்டுகிறேன். அவரிடமும் அவரைப் போன்றவர்களிடமும் கேட்காமல் எந்தப் பெட்டியையும் 'பயனற்றது' என்று எழுதுவதில்லை.

கோடுகளை மறைப்பவை இரண்டு. ஒன்று லோட் பேலன்சர். அது முகவரியை மாற்றி அனுப்பினால், பின்னால் உள்ள சர்வருக்கு எல்லாரும் லோட் பேலன்சராகவே தெரிவார்கள். அதன் நிர்வாக ஏபிஐ வழியாக எந்த விர்ச்சுவல் ஐபிக்குப் பின்னால் எந்த மெஷின்கள் என்று எடுத்து, அறுந்த கோட்டைத் தைக்க வேண்டும். அக்செஸ் லாகில் 'எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்' பதிவாகியிருந்தால் உண்மையான அழைப்பாளரும் தெரிவார். இன்னொன்று மெசேஜ் க்யூ, அதாவது ஒருவர் போட்டுவைக்கும் செய்தியை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் இடம். ஐபிஎம் எம்க்யூ (1414), காஃப்கா (9092) இவற்றை நோக்கி இரண்டு பக்கமிருந்தும் கோடு போகும், அந்த இரு பக்கமும் ஒன்றோடொன்று பேசுவது தெரியாது. யார் எந்த க்யூவில் போடுகிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்பதைப் பெயரோடு எடுத்தால்தான் அந்த உறவு புலப்படும்.

படி 8: ஒன்றை ஒன்றாகவே எண்ணுவது

ஒரே மெஷினுக்கு நான்கு நெட்வொர்க் கார்டு இருந்தால் ஸ்கேன் அதை நான்கு மெஷின் என்று சொல்லும். எனவே ஐபியை அடையாளமாக வைக்கக்கூடாது. இயற்பியல் மெஷினுக்கு சீரியல் எண், விர்ச்சுவல் மெஷினுக்கு விசென்டர் வைத்திருக்கும் யுயுஐடி என்ற தனி அடையாள எண். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயை நம்ப வேண்டாம், குளோன் செய்த மெஷின்களில் அது ஒன்றாகவே இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். சர்வர் இன்ஸ்டன்ஸுக்கு மெஷின் அடையாளத்தோடு டொமைன், சர்வர் பெயர் அல்லது பேஸ் அடைவைச் சேர்த்து ஒரே சாவியாக்குங்கள்.

ஒரு ஸ்கேனில் காணவில்லை என்றதும் அழித்துவிடாதீர்கள். கடைசியாகப் பார்த்த தேதியோடு 'காணவில்லை' என்று ஒரு மாதமாவது வைத்திருங்கள். லேசான ஸ்கேன் தினமும், உள்ளே நுழையும் ஸ்கேன் வாரம் ஒருமுறை என்பது எங்களுக்கு ஒத்துவந்தது.

படி 9: வரைந்து, உரியவரிடம் காட்டுவது

எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டால் பூனை உருட்டிய நூல்கண்டுதான் கிடைக்கும். ஓர் அப்ளிகேஷனை மட்டும் எடுங்கள். அதன் நுழைவாயிலிலிருந்து தொடங்கி, போகும் கோடுகளின் வழியே இரண்டு மூன்று தாவல்கள் வரை மட்டும் வரையுங்கள். கிராஃப்விஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். கான்ஃபிக்கிலும் உண்டு, இணைப்பிலும் பார்த்தோம் என்றால் முழுக் கோடு. கான்ஃபிக்கில் மட்டும் இருந்தால் புள்ளிக்கோடு. அது செத்த டேட்டா சோர்ஸாக இருக்கலாம், பேரிடர்க் காலத்துக்கென வைத்ததாகவும் இருக்கலாம். இணைப்பில் மட்டும் இருந்து கான்ஃபிக்கில் இல்லையென்றால் சிவப்பு. முதலில் விசாரிக்க வேண்டியது அந்தச் சிவப்புக் கோடுகளைத்தான்.

இந்தப் படம் வெளியே போனால் உள்ளே நுழைய நினைப்பவனுக்கு வழிகாட்டிப் பலகை ஆகிவிடும். பொது ஃபோல்டரில் போடாதீர்கள். யார் திறந்தார்கள் என்ற பதிவும் இருக்கட்டும்.

பிறகு ஏ3 தாளில் அச்சடித்து, ஒரு சிவப்புப் பேனாவோடு அந்த அப்ளிகேஷனின் உரிமையாளர் மேசைக்குப் போங்கள். மெயிலில் அனுப்பினால் "சரியா இருக்கு" என்றுதான் பதில் வரும். தாளை முன்னால் விரித்து, ஒவ்வொரு பெட்டியாக விரல் வைத்து, "இதை இப்ப நிறுத்தினா முதல் போன் யார்கிட்டருந்து வரும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அடுத்த வார ஸ்கேன் அங்கிருந்து தொடங்கட்டும்.